என் மகளின் கட்டுரைக்கு நான் மதிப்பெண் போட இருந்தேன்

என் மகள் பல்கலைக்கழகத்தில் பூச்சிகளைப் பற்றிப் பாடம் நடத்துகிறாள். என் படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. பாகான் டாலாமில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் உள்ள மாமரத்தில் சிவப்பு எறும்பு கூடு கட்டும். பெரிய மழைக்கு முன்பே உச்சிக் கூட்டைக் காலி செய்து கீழ்க்கிளைக்கு இறங்கிவிடும். அதைப் பார்த்துத்தான் நான் துணி துவைப்பேன். இதை அவளிடம் சொன்னது நான்தான். மூன்று வருடம் மரம் மரமாக எண்ணிப் பார்த்து, கட்டுரை எழுதி, ஓர் ஆராய்ச்சி இதழுக்கு அனுப்பினாள். அதை ஏற்றுக்கொண்டதாக டிசம்பருக்குள் கடிதம் வந்தால் வேலை நிரந்தரம். வராவிட்டால் ஒப்பந்தம் முடிந்தது, வீட்டில் உட்கார வேண்டியதுதான்.

ஐந்து மாதம் இதழ்க்காரர்களிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. பிறகு, பெயர் சொல்லாத இரண்டு பேர் படித்துக் கருத்து அனுப்பினார்கள். ஒருவர் பாதியாகக் குறை என்றார். இன்னொருவர் இன்னும் எழுது என்றார். கூடவே ஆறு பழைய கட்டுரைகளைக் குறிப்பிடச் சொன்னார்.

"அந்த ஆறும் யாரு எழுதினது?"

"ஆறும் ஒரே ஆள்தாம்மா. அவரேதான் இவரு போல."

"வெக்கப்படாத மனுஷன் லா. தைப்பூசப் பந்தல்ல மைக்கப் புடிச்சி தன் பேரையே நாலு தடவ சொல்வாங்களே, அந்த ரகம்."

இதழாசிரியருக்கு வேறு கவலை. எறும்பு இறங்குவதை முதலில் பார்த்தது அம்மா என்று மகள் எழுதியிருந்தாள். அந்த அம்மா இதழின் இணையதளத்தில் பெயர் பதிந்து சம்மதம் தர வேண்டுமாம். கிளினிக்குக்காக எனக்கு ஒரு ஈமெயில் இருந்தது. அதை வைத்து மகள் பதிந்தாள். எந்தக் கட்டத்தையும் காலியாக விட முடியவில்லை.

"நிறுவனம்னு கேக்குதும்மா."

"சமையக்கட்டுன்னு போடு. நாப்பது வருஷ சர்வீஸ்."

"வெளையாடாதம்மா."

'தனிநபர்' என்று போட்டாள். துறை, எறும்புகளின் நடத்தை. பெயருக்கு முன்னால் போட டாக்டர், பேராசிரியர் இரண்டுதான் இருந்தன. அவள் யோசிப்பதற்குள் நான் எட்டி டாக்டரை அமுக்கிவிட்டேன்.

திருத்திய கட்டுரை போய் மூன்று மாதமாகியும் பதிலில்லை. கேட்டால், மூன்றாவதாகப் படிக்க ஆள் தேடுகிறோம் என்றார்கள். நவம்பரும் வந்துவிட்டது. மகள் ஒரு கையில் சோறும் மறு கையில் போனுமாக இருந்தாள்.

ஒரு காலையில் என் போனுக்கு ஒரு கடிதம். மகளிடம் கொடுத்தேன். படித்தவள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"டாக்டர்னு ஒனக்குப் போட்டிருக்காங்க. ஒரு கட்டுரையப் படிச்சி, அச்சடிக்கலாமா வேணாமான்னு சொல்லணுமாம். அம்மா, அது என் கட்டுரை."

"எறும்பு தெரிஞ்ச ஆளத் தேடி சரியா புடிச்சிருக்கு அந்த மிஷினு. சரி, 'பிரமாதம், நாளைக்கே போடுங்க'ன்னு எழுது."

"ஐயோ! தெரிஞ்சா வேலை மட்டுமில்ல, என் பேரே போயிடும்மா."

அப்படியானால் வேண்டாம். மறுக்கிறேன் என்பதை அழுத்தச் சொன்னேன். அங்கே காரணம் எழுத ஒரு கட்டம் இருந்தது. நான் தமிழில் சொல்ல, அவள் ஆங்கிலத்தில் எழுதினாள். 'இதை எழுதியவளைப் பெற்றவள் நான். நான் மார்க் போடுவது முறையில்லை. ஆள் கிடைக்காவிட்டால் நீங்களே உட்கார்ந்து படியுங்கள். டிசம்பரோடு அவளுக்கு வேலை போகிறது.'

"கடைசி ரெண்டும் வேணாம்மா."

"கடுதாசி என்னுது. எழுதுடி."

நாலு நாளில் ஆசிரியரே மகளுக்கு எழுதினார். 'உங்கள் அம்மாவின் பெயரைப் பொறுக்கியது கணினி, மன்னிக்கவும். கட்டுரையை நானே படித்தேன், ஏற்றுக்கொள்கிறோம்.' மகள் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். பிறகு அடுத்த வரியைப் படித்தாள். பின்னால் உள்ள நூல் பட்டியலில் ஆண்டுக்குப் பின் வரும் கமாவையெல்லாம் எடுத்துவிட்டுப் புள்ளி வைத்து, நாற்பத்தெட்டு மணி நேரத்தில் அனுப்ப வேண்டுமாம்.

"எட்டு மாசம் ஒறங்கிட்டு இப்ப ரெண்டு நாளா? நீயும் கொஞ்சம் காக்க வையேன்."

"வைக்கலாம். பயமா இருக்கும்மா."

உட்கார்ந்து மாற்றினாள். நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து சரி பார்த்தேன். அவள் விட்டுப்போன மூன்று கமாவைக் கண்டுபிடித்தது நான்தான்.