சுடலைமுத்துக்குக் கிடைக்காத பட்டயம்

1. மூன்று நாள் முன்பு

பட்டயம் பெறுகிறவர்களின் பட்டியலைப் பிரதி எடுப்பதற்கான ஸ்டென்சிலை வெட்டி முடித்து, அதை டைப்ரைட்டரிலிருந்து உருவும்போது எங்கள் பள்ளி டைரக்டரின் அறையிலிருந்து மணி அடித்தது. பட்டமளிப்பு விழாவுக்கு மூன்று நாள் இருந்தது. உள்ளே போனேன். டைரக்டரோடு சேர்மனும் உட்கார்ந்திருந்தார். இருவருக்கும் முன்னால் காபி ஆறிக் கிடந்தது.

"சரோஜா, லிஸ்ட் ஆயிடுத்தா?"

"ஆயிடுத்து சார். இருபத்தாறு பேர்."

"இருபத்தஞ்சு" என்றார் டைரக்டர்.

அறுபதுகளின் நடுவில் மாட்டுங்காவில் இயங்கிய அந்தப் பள்ளியின் பெயரை நான் எழுதப்போவதில்லை. பகலில் வேலை பார்க்கிறவர்களுக்கு மாலை நேரத்தில் இரண்டு வருஷம் வணிக நிர்வாகம் சொல்லிக்கொடுத்து டிப்ளமா தருகிற இடம். டைப்பிங்கும் புக்-கீப்பிங்கும் கற்றுத்தர பம்பாயில் தெருவுக்கு ஒரு இன்ஸ்டிடியூட் இருந்தது. நாங்கள் வேறு மாதிரி என்று சொல்லிக்கொள்வோம். வாரத்தில் ஒரு வகுப்பு முழுக்க வியாபாரத்தில் நேர்மையைப் பற்றித்தான். பட்டமளிப்பு விழாவில் மாணவர்கள் எல்லாரும் எழுந்து நின்று உறுதிமொழி எடுக்க வேண்டும். 'கண்டதை மறைக்க மாட்டேன், காணாததைக் கண்டதாகச் சொல்ல மாட்டேன்' என்று அதில் ஒரு வரி வரும். மார்க் மட்டும் வாங்கினால் போதாது. வேலை பார்க்கிற இடத்திலிருந்து நன்னடத்தைச் சர்டிபிகேட் கொண்டுவந்தால்தான் டிப்ளமா. இப்படி ஒரு விதி வேறெங்கும் கிடையாது என்று வருகிறவர்களிடம் நானும் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

நான் அங்கே ஸ்டெனோ-டைப்பிஸ்ட். வருகிற கடிதங்களை இன்வர்ட் ரிஜிஸ்டரில் பதிந்து நம்பர் போடுவதும், கொண்டுவந்து தருகிறவருக்கு சீல் குத்தி, என் இனிஷியல் போட்டு ஒரு சீட்டுக் கொடுப்பதும் என் பொறுப்பில்தான் இருந்தது.

பட்டியலில் பன்னிரண்டாவது பெயர் சுடலைமுத்து. அந்தப் பெயரைத்தான் எடுக்கச் சொன்னார்கள்.

2. சுடலைமுத்து

தாராவியிலிருந்து வருகிற மாணவர். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். அப்பா தோல் பட்டறையில் கூலி வேலை. சுடலைமுத்து செம்பூரில் ஒரு டப்பாத் தொழிற்சாலையில் டைம் கீப்பர். காலையில் ஆட்களுக்கு டோக்கன் கொடுத்து மஸ்டரில் வருகை பதிகிற வேலை. அந்தத் தொழிற்சாலை எங்கள் சேர்மனுடையது. தன் ஊர்ப் பையன் என்று அவர்தான் வேலையும் கொடுத்து, எங்கள் பள்ளியிலும் சேர்த்துவிட்டார்.

இரண்டு வருஷத்தில் சுடலைமுத்து ஒரு நாள்கூட வகுப்புக்கு மட்டம் போட்டதில்லை. பரீட்சையில் முதலாவதாக வந்தார். உறுதிமொழியை மேடையில் முன்னின்று வாசிக்க ஆசிரியர்கள் அவரையே தேர்ந்தெடுத்திருந்தார்கள். தொழிற்சாலை மேனேஜர் கொடுத்த நன்னடத்தைச் சர்டிபிகேட்டை எல்லாருக்கும் முந்திக் கொண்டுவந்து கொடுத்தவரும் அவர்தான். 'இவர் வைத்திருக்கும் மஸ்டரில் ஒரு பிழையும் கண்டதில்லை' என்று அதில் எழுதியிருந்தது. நான் படித்துவிட்டு, "நல்லா எழுதியிருக்காரே" என்றேன். அவருக்கு வெட்கமாகப் போய்விட்டது.

விழாவுக்குப் பத்து நாள் முன்பு அவர் முகம் சரியில்லை. என்ன என்று கேட்டேன்.

"வேலையை விட்டு நிப்பாட்டிட்டாவ மேடம்."

"ஏன்?"

"பிரஸ் மிஷின்ல ஒரு ஆளுக்குக் கை போயிட்டு. பாண்டுரங்னு மராட்டிக்காரன். மிஷினுக்கு மூடி கிடையாது, மாட்டச் சொல்லி எத்தனையோ தடவ கேட்டாச்சு. இப்ப வேற மஸ்டர் எழுதச் சொன்னாவ. அன்னைக்கு அவன் லீவாம். சும்மா உள்ள நுழைஞ்சு கைய விட்டுட்டானாம். காலையில டோக்கன் குடுத்ததே நான்தான். எப்படி எழுத?"

"அப்புறம்?"

"ஃபாக்டரி இன்ஸ்பெக்டர் வந்து கேட்டாரு. பழைய மஸ்டரக் காட்டி உள்ளதச் சொன்னேன். மறுநாளே கேட்ல நிப்பாட்டிட்டாவ." கொஞ்சம் நிறுத்தி, "டிப்ளமா கைக்கு வந்துட்டா வேற எடத்துல தேடிக்கிடலாம் மேடம். அது ஒண்ணுதான் இப்ப" என்றார்.

தைரியமாக இருங்கள் என்று சொன்னேன். சொல்வதற்கு எனக்கு என்ன கஷ்டம்?

3. ரிஜிஸ்டர்

சேர்மன் அன்று டைரக்டர் அறையில் கோபமாகப் பேசவில்லை. அலுத்துப்போனவர் மாதிரிதான் பேசினார். "நம்ம பையன்னு தூக்கி விட்டேன். அவன் என்னையவே கோர்ட்ல கொண்டு நிறுத்தப் பாக்கான். அவன் எழுதுன மஸ்டரே தப்புன்னு நாங்க சொல்லுதோம். இங்க அவன் மஸ்டர்ல பிழையே இல்லன்னு எங்க மேனேஜர் லெட்டர் இருக்கு. அது வெளிய போனா நான் என்ன ஆக?"

டைரக்டர் என்னைப் பார்த்தார். "அந்த சர்டிபிகேட் நமக்கு வரவே இல்லை, சரோஜா. புரிஞ்சுதா? சர்டிபிகேட் இல்லேன்னா டிப்ளமா கிடையாது. அது நம்ம ரூல். நாம யாருக்கும் அநியாயம் பண்ணலை."

"இன்வர்ட்ல நம்பர் போட்டிருக்கேன் சார்."

"அந்தப் பக்கத்தைத் திரும்ப எழுதிடு. ஒன் கையெழுத்துதானே."

டைரக்டர் குரலைத் தாழ்த்தினார். "ஒன் அப்பா இப்போ எப்படி இருக்கார்? இன்னும் படுக்கைலதானா? தங்கைகள் ரெண்டு பேரும் படிச்சிண்டிருக்கா, இல்லையா?"

அவ்வளவுதான் கேட்டார். எனக்குப் புரிந்துவிட்டது.

சர்டிபிகேட்டை ஃபைலிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். சேர்மன் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். ரிஜிஸ்டரில் நூல் தையலைப் பிரித்து அந்தத் தாளை எடுத்தேன். புதுத் தாளில் அதே மையில், அதே வரிசையில் எல்லாக் கடிதங்களையும் திரும்ப எழுதினேன். சுடலைமுத்துவின் நம்பருக்கு நேரே ஸ்டேஷனரிக் கடைக்காரரின் கடிதம் என்று போட்டேன். பிறகு தைத்து வைத்தேன். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் எல்லாம் முடிந்துவிட்டது. புது ஸ்டென்சிலும் வெட்டினேன். பன்னிரண்டாம் எண்ணில் பதின்மூன்றாவது பெயர் ஏறியது.

அவருக்கு நான் கொடுத்த சீட்டு என் நினைவுக்கு வரவேயில்லை.

4. விழா நாள்

ஹால் வாசலில் மாணவர்கள் வாடகை கவுனைப் போட்டுக்கொண்டு ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பெயர் நீக்கியதை சுடலைமுத்துவுக்கு யாரும் சொல்லவில்லை. அவரும் கவுன் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். கூட அவருடைய அப்பா. சலவை வேட்டி, முழுக்கைச் சட்டை. கைகள் மட்டும் தோல் பட்டறைச் சாயம் ஏறிப் பழுப்பாக இருந்தன. அந்தக் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

நாற்காலிகளில் பெயர்ச்சீட்டு ஒட்டியிருந்தோம். சுடலைமுத்து வரிசையாகப் பார்த்துக்கொண்டே போய், திரும்பி வந்து, மறுபடியும் பார்த்தார். பிறகு என்னிடம் வந்தார்.

"மேடம், என் பேரு விட்டுப்போச்சு போல."

நான் பதில் சொல்வதற்குள் டைரக்டர் வந்துவிட்டார். "நீ சர்டிபிகேட் கொடுக்கலையேப்பா. ரூல் ஒனக்குத் தெரியுமோன்னோ?"

"குடுத்தேன் சார். மேடம்கிட்டதான் குடுத்தேன்." கவுனை விலக்கிச் சட்டைப்பையிலிருந்து ஒரு டைரியை எடுத்தார். அதற்குள்ளிருந்து அந்தச் சீட்டு வந்தது. பள்ளியின் சீல், நம்பர், என் இனிஷியல்.

டைரக்டர் அதை வாங்கிப் பார்த்தார். இப்படி ஒரு சீட்டு இருக்கும் என்று எதிர்பார்த்திருக்க மாட்டார். ரிஜிஸ்டரைக் கொண்டுவரச் சொன்னார். நானே போய்க் கொண்டுவந்து பக்கத்தைத் திறந்து காட்டினேன்.

"இந்த நம்பர்ல ஸ்டேஷனரிக் கடை லெட்டர்னா இருக்கு" என்றார். பிறகு சீட்டை என் முகத்துக்கு நேரே நீட்டினார். "இது ஒன் இனிஷியலா, சரோஜா?"

சுற்றிலும் மாணவர்கள், அவர்கள் வீட்டுக்காரர்கள், ஆசிரியர்கள் இருவர், எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சுடலைமுத்துவும் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் சந்தேகமே இல்லை. இதோ இவர் சொல்லப்போகிறார், விஷயம் தீர்ந்துவிடும் என்கிற பார்வை.

"இல்லை சார்" என்றேன்.

அவருடைய அப்பா ஒரு அடி முன்னால் வந்தார். "ஏம்மா, நல்லாப் பாத்துச் சொல்லுங்க. எம்புள்ள அப்படிச் செய்யமாட்டாம்மா."

"பாத்துட்டேன்" என்றேன்.

"போலீசுக்குப் போகாம விடறேனே, அதுக்கு சந்தோஷப்படு" என்றார் டைரக்டர்.

சுடலைமுத்து கவுனைக் கழற்றினார். தோள்பட்டைகளைச் சேர்த்து, கசங்காமல் மடித்து, தன் பெயர் ஒட்டியிருக்க வேண்டிய வரிசையில் கடைசி நாற்காலியில் வைத்தார். அப்பாவின் முழங்கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு படியிறங்கினார். அப்பா மட்டும் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார்.

விழா நேரத்துக்குத் தொடங்கியது. இரண்டாவதாக வந்த மாணவர் உறுதிமொழியை வாசிக்க, இருபத்தைந்து பேரும் எழுந்து நின்று திருப்பிச் சொன்னார்கள். நான் மேடையின் ஓரத்தில் நின்று, வரிசைப்படி பட்டயங்களை எடுத்துச் சேர்மன் கையில் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொருவருக்கும் கைகுலுக்கும்போது, "நேர்மையா இருக்கணும், என்ன?" என்றார். வரிசை எங்கேயும் தப்பவில்லை. வேலை சுத்தமாக நடந்தது என்று டைரக்டர் பிறகு பாராட்டினார்.

5. டிக்டேஷன்

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். இரண்டு வாரம் கழித்து டைரக்டர் ஷார்ட்ஹேண்ட் நோட்டோடு வரச் சொன்னார். செம்பூர் தொழிற்சாலைக்கு ஒரு கடிதம். சுடலைமுத்து என்கிற முன்னாள் மாணவர் எங்கள் அலுவலக முத்திரையைப் போலியாகப் பயன்படுத்தி ஒரு சீட்டைத் தயாரித்தார் என்றும், சம்பந்தப்பட்ட ஊழியர் அது தன்னுடையதல்ல என்று எல்லார் முன்னிலையிலும் சொன்னார் என்றும் அவர் சொல்லச் சொல்ல எழுதினேன்.

சம்பந்தப்பட்ட ஊழியர் நான்தான்.

ஒரு ஒரிஜினல், இரண்டு கார்பன் காப்பி. ஒரு எழுத்துப் பிழைகூட வரவில்லை. அந்தக் கடிதத்தைப் பாண்டுரங்கின் நஷ்டஈட்டு விசாரணையில் காட்டப்போகிறார்கள் என்று டைப் அடிக்கும்போதே தெரியும். சீட்டைப் போலியாகச் செய்தவன் மஸ்டரையும் போலியாகத்தானே எழுதியிருப்பான் என்று கேட்பார்கள். சுடலைமுத்து பேச்சு எடுபடாது. பாண்டுரங்குக்கு அவரைத் தவிர சாட்சி கிடையாது. இவ்வளவும் எனக்குப் புரிந்தது. புரிந்தும் கடிதத்தைக் கையெழுத்துக்கு வைத்தேன்.

6. தாராவி

ஒன்றரை மாதம் ஓடியது. என்னால் ராத்திரி தூங்க முடியவில்லை, சாப்பிட முடியவில்லை என்றெல்லாம் எழுத ஆசைதான். ஆனால் தூங்கினேன், சாப்பிட்டேன், அப்பாவுக்கு மருந்து வாங்கினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் அட்மிஷன் ஃபாரத்தில் இருந்த விலாசத்தை எடுத்துக்கொண்டு தாராவிக்குப் போனேன்.

வீட்டில் அவருடைய அம்மா இருந்தார். நான் யார் என்று தெரியாமல், "உள்ள வாங்கம்மா" என்று தண்ணீர் கொடுத்தார். மகன் அப்பாவோடு பட்டறையில் இருப்பதாகச் சொன்னார்.

உப்புத்தோல் கட்டுகளைக் கைவண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார் சுடலைமுத்து. டைம் கீப்பராக இருந்தபோது அவர் சட்டையில் ஒரு கறை பார்த்ததில்லை. இப்போது சட்டையே இல்லை, பனியன்தான். என்னைப் பார்த்ததும் கட்டைக் கீழே வைத்தார். அவருடைய அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

"அது என் இனிஷியல்தான். எழுதிக் கொடுத்துடறேன். எங்க வேணும்னாலும் வந்து சொல்றேன்" என்றேன். வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்த வார்த்தைகள்.

"கேஸ் போன வாரமே முடிஞ்சுட்டு மேடம்."

"பாண்டுரங்குக்கு?"

"ஒண்ணுமில்ல. பெண்டாட்டி புள்ளையோட ஊருக்குப் போயிட்டான். எழுதிக் கொண்டாந்து இனி யாருட்ட குடுக்கப் போறிய?"

"மேல கோர்ட்டுக்குப் போகலாமே..."

"அவன் எந்தக் கிராமம்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சாலும், மறுபடியும் வா, இந்தத் தடவ சரியாச் சொல்லுவாங்கன்னு எந்த மொகத்தோட கூப்பிட?"

கண்ணில் தண்ணீர் வந்தது. அதை அவர் பார்த்துவிடக் கூடாது என்றும் இருந்தது, பார்க்க வேண்டும் என்றும் இருந்தது. "வீட்ல அப்பா படுத்த படுக்கை. தங்கைகள் ரெண்டு பேர். வேலை போயிடுமோன்னு பயந்துட்டேன்" என்றேன்.

அவர் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

"எனக்கும் பயமாத்தான் இருந்துது, மேடம்" என்றார். பிறகு குனிந்து கட்டைத் தூக்கினார்.

அந்தப் பள்ளியில் அதன்பிறகும் பல வருஷம் வேலை பார்த்தேன். ஆபீஸ் சூப்பரின்டென்டென்ட் வரைக்கும் போனேன். இப்போது அலுவலக வேலைக்கு வருகிற இளைஞர்களுக்கு ஏதாவது பாடம் சொல்லுங்கள் என்று கேட்டார்கள். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். உண்மையைச் சொல்கிறவர்களுக்குப் பயம் இருக்காது, அவர்கள் வேறு ஜாதி மனிதர்கள் என்று நான் நம்பியிருந்தேன். அப்படி நம்பினதால்தான் என்னை மன்னித்துக்கொள்வது சுலபமாக இருந்தது. அவர் வீட்டிலும் வயதான அப்பா அம்மா இருந்தார்கள். அவர் சம்பளத்தையும் ஒரு குடும்பம் நம்பியிருந்தது. மேனேஜர் புது மஸ்டரை முன்னால் வைத்தபோது அவருக்கு வந்ததும், டைரக்டர் ரிஜிஸ்டரைப் பற்றிச் சொன்னபோது எனக்கு வந்ததும் ஒரே பயம். அவர் அந்தப் பயத்தோடே போய் உள்ளதைச் சொன்னார். நான் அதே பயத்தோடு போய்ப் பக்கத்தைத் திரும்ப எழுதினேன்.