மூன்று நிமிடத் தேடல்

என்னிடம் இன்னும் ஒரு தாள் இருக்கிறது. இரண்டு ஓரமும் துளையிட்ட, பழைய பிரின்டரில் அடித்த தாள். மை மங்கிவிட்டது. முதல் வரியில் ஓர் இன்டெக்ஸுக்கான பரிந்துரை. அதன் பக்கத்தில் நான் பேனாவால் போட்ட சரிக்குறி. என் வாழ்க்கையில் போட்ட சரிக்குறிகளில் இதைப் போல உறுத்துவது வேறில்லை.

யுத்த காலம். நாவற்குடாவில், வாவி தெரியும் ஒரு வாடகை வீட்டில் இடம்பெயர்ந்தோரைப் பதியும் அலுவலகம் இயங்கியது. வடக்குப் பக்கம் சண்டை மூண்டு சனம் முகாம்களில் வந்து நிறைந்த நேரம். முகாம்களிலிருந்து வரும் படிவங்களை நாலு பேர் கணினியில் ஏற்றுவார்கள். உறவுகளைத் தேடி வருகிறவர்கள் வாசலில் வெயிலில் வரிசையாக நிற்பார்கள். தரவுத்தளத்தைப் பார்த்துக்கொள்வது என் வேலை. எனக்கு இருபத்தைந்து வயது, எல்லாம் தெரியும் என்ற நினைப்பு. வேலை முடிந்தால் போய்ப் படுக்க ஓர் அறை இருந்தது, பேசத்தான் ஒருவரும் இல்லை.

பக்கத்து மேசையில் பதிவு வேலை செய்த அக்கா செங்கலடியிலிருந்து பஸ்ஸில் வருவார். அதிகம் பேசமாட்டார். ஒரேயொரு தடவைதான் அவர் சண்டை பிடித்துப் பார்த்திருக்கிறேன். கொழும்பிலிருந்து வந்த படிவத்தில் நிரந்தர முகவரி மட்டும் இருந்தது. தாய் வீட்டு ஊருக்கும் ஒரு கட்டம் வேண்டும் என்று பொறுப்பதிகாரியிடம் போய் நின்றார். "எங்கட பக்கம் ஆம்பிளையள் கலியாணம் முடிச்சா பொஞ்சாதி வீட்டுக்குத்தானே போற. பயந்துபோய் நிக்கிறவனிட்ட உன்ர ஊர் எதெண்டு கேட்டா, தாய்ர ஊரைத்தான் சொல்லுவான்." தேவையில்லாத வேலை என்று முணுமுணுத்துக்கொண்டே நான் அந்தக் கட்டத்தைச் சேர்த்தேன்.

அந்தக் கணினி ஒரு கிழட்டுப் பிறவி. நாளில் ஏழெட்டுத் தடவை, மூன்று நிமிடம் போல, எல்லாருடைய திரையும் அசையாமல் நிற்கும். ஏதோ ஒரு தேடல் அதன் மூச்சை வாங்கியது. "தம்பி, வெளியில சனம் காயுது. என்னெண்டாலும் செய்ங்க" என்று பொறுப்பதிகாரி தலையில் கைவைத்தார்.

தரவுத்தள மென்பொருளிடம் ஒரு நல்ல பழக்கம் உண்டு. எந்தக் கேள்விக்குப் பதில் தேட அதிகம் கஷ்டப்பட்டது என்பதைக் குறித்துவைத்து, இன்ன இன்டெக்ஸ் இருந்தால் சுலபம் என்று அதுவே சொல்லும். இன்டெக்ஸ் என்றால் புத்தகத்தின் கடைசியில் இருக்கும் பெயர் வரிசை மாதிரி. அது இருந்தால் முழுப் புத்தகத்தையும் புரட்ட வேண்டியதில்லை. கணினியை நிறுத்தினால் இந்தப் பட்டியல் அழிந்துபோகும். அதனால் வெள்ளிக்கிழமைகளில் ஜெனரேட்டரை நிறுத்துமுன் அச்சடித்துவிடுவேன். மூன்று வெள்ளிக்கிழமை முதல் வரி மாறவேயில்லை: தாய் வீட்டு ஊர், பெயர். எத்தனை தடவை கேட்கப்பட்டது என்று தாளில் இருந்தது. கேட்டது யார் என்று இல்லை. வாசலில் நிற்பவர்களுக்காக நாங்கள் குடும்ப அட்டை இலக்கத்தை வைத்துத்தான் தேடுவோம். யாரோ மேலதிகாரியின் அறிக்கையாக்கும் என்று எண்ணி, பரிந்துரைத்தபடியே இன்டெக்ஸைப் போட்டு, சரிக்குறியும் போட்டேன்.

திங்கட்கிழமை காலை. அக்கா ஏதோ தட்டச்சு செய்து விசையை அழுத்தினார். வழக்கம்போல நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பி, ஃபிளாஸ்கிலிருந்து பிளேன்டியை ஊற்றிக்கொண்டு வாவியைப் பார்த்தார். அவருடைய திரையில் அப்போதே பதில் வந்துவிட்டது. எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

"அக்கா, முடிஞ்சுது" என்றேன்.

"என்ன முடிஞ்சுது?"

"தேடி முடிஞ்சுது. ஆள் இல்லையெண்டு வந்திட்டு."

அவர் திரும்பித் திரையைப் பார்த்தார். நானும் அப்போதுதான் ஒழுங்காகப் பார்த்தேன். தாய் வீட்டு ஊர்: பனிச்சங்கேணி. அதன் கீழே ஓர் ஆணின் பெயர். அக்காவின் அடையாள அட்டையில், அவருடைய பெயருக்கு முன்னால் இருந்த அதே பெயர்.

காய்ச்சலில் கிடந்த தன் தாயைப் பார்க்கப் போன கணவர் என்று அக்காவே பிறகு சொன்னார். போன மறுநாள் பாதை பூட்டப்பட்டுவிட்டது. வரிசையைத் தாண்டித் தேடுகிறாள் என்று சனம் சொல்லும் என்று அதுவரை அலுவலகத்தில் ஒருவருக்கும் அவர் சொல்லவில்லை. புதிய படிவக் கட்டு ஏற்றி முடிந்த ஒவ்வொரு தடவையும் தேடியிருக்கிறார்.

"நான் தேடினதாலயா தம்பி இவ்வளவு நாளும் சனம் வெயிலுக்குள்ள நிண்டது?" என்று முதலில் கேட்டார். பிறகு, "இவ்வளவு கெதியா இல்லையெண்டு எப்படிச் சொல்ற? முந்தி அது தேடக்குள்ள, எங்கயோ இரிக்காரெண்டு நினைச்சிட்டு இரிப்பன்" என்றார். பிளேன்டியை அப்படியே வைத்துவிட்டு அடுத்த படிவத்தை எடுத்தார்.

வாசலில் வரிசை அன்று மதியத்துக்குள் குறைந்துவிட்டது. பொறுப்பதிகாரி என் தோளில் தட்டினார்.

எந்த இன்டெக்ஸ் எத்தனை தடவை பயன்பட்டது என்றும் மென்பொருள் சொல்லும். அடுத்த வெள்ளிக்கிழமை நான் போட்ட இன்டெக்ஸுக்கு நேரே ஒன்று என்று இருந்தது. அதற்கடுத்த வெள்ளிக்கிழமைகளில் பூச்சியம். பிறகொரு நாள் பின்னேரம் செங்கலடிச் சந்தியில் அக்காவைக் கண்டேன். வடக்கிலிருந்து வந்து நின்ற பஸ்ஸிலிருந்து இறங்கியவர்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசி ஆள் இறங்கும்வரை பார்த்தார். பிறகு அடுத்த பஸ்ஸுக்காக நின்றார். நான் கூப்பிடாமல் போய்விட்டேன்.

இப்போது கொழும்பில் வேலை. என்னோடு வேலை செய்யும் இளம் பிள்ளைகள் பரிந்துரைப் பட்டியலைக் கண்டதும் மளமளவென்று எல்லாவற்றையும் போட்டுவிடுவார்கள். கேட்டது யார் என்று பார்த்தீர்களா என்றால் சிரிப்பார்கள். அவர் கணவர் வந்தாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. விசாரித்தால் தெரிந்துவிடும், அதனால்தான் விசாரிக்கவில்லை.

அந்தத் தாளில் சரிக்குறிக்குக் கீழே சிறிதாக ஒரு கோடும் இருக்கிறது. நாவற்குடாவில் என் கடைசி நாளன்று போட்டது. அன்று அந்த இன்டெக்ஸை அழித்துவிட்டுத்தான் வந்தேன். அக்கா மறுபடி எப்போதாவது தேடினால், அது மூன்று நிமிடமாவது தேடட்டும்.