அடிபடாத ஒரு தலை வேண்டும்

எங்கள் ஆய்வு இழுபட்டது அடிபட்ட தலைகளால் அல்ல. அடிபடாத தலை கிடைக்காததால்.

கனடியப் படையில் இருந்தபோது தலையில் அடிபட்டவர்கள் பல வருடம் கழித்து எப்படி இருக்கிறார்கள் என்று ரொறன்ரோவில் ஆராய்ந்துகொண்டிருந்தோம். ஒப்பிட்டுப் பார்க்க, அடிபடாத முன்னாள் படையினரும் வேண்டும். அதுதான் கொன்ரோல் குரூப். அதற்கு ஆள் பிடிப்பது என் வேலை. கடைசி ஒரு ஆளுக்கு நாயாய் அலைந்தேன்.

பக்கத்து நகரான பிறம்ரனிலிருந்து ரவி வந்தார். பெயரை மாற்றியிருக்கிறேன். படையில் ட்ரக் மெக்கானிக்காக இருந்தவர். கூடவே மனைவி சுகந்தி. ரவி பாத்ரூம் போன நேரம் பார்த்து அவர் மனக்குறையை என்னிடம் கொட்டிவிட்டார்.

"அக்கா, இந்த மனிசனோட இனி இருக்கேலாது. மிக்ஸி போட்டாலும் கத்துறார். என்னில அவ்வளவு வெறுப்பு. வாற மாதம் ஸ்காபரோவில தங்கச்சி வீட்டை போறன்."

ரவி வந்ததும் கேள்விகளைத் தொடங்கினேன்.

"தலையில அடிபட்டிருக்கோ?"

"இல்லை அக்கா. ஒரு கீறல் இல்லை."

எனக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்த சந்தோசம். சுகந்திக்குத்தான் பொறுக்கவில்லை.

"ட்ரக் பொனற் மூடி தலையில விழுந்தது?"

"உது சும்மா தட்டினது."

"ஜீப் பிரண்டது?"

"ஹெல்மெற் போட்டிருந்தனான். தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு."

"நினைவில்லாமல் எல்லோ கிடந்தவர்," என்றார் சுகந்தி. "எவ்வளவு நேரம்?" என்று ரவியிடம் கேட்டேன்.

"அது எனக்கெப்பிடி அக்கா தெரியும்? நினைவில்லையே!"

பேனையை வைத்துவிட்டு, ஆய்வை நடத்தும் டொக்டரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சென்னைக்காரர்.

"ஏம்மா, கிடைச்ச ஒரு ஆளையும் கெடுத்துட்டியா?" என்று புலம்பியபடியே எழுந்து வந்தார். ஆனால் அவர்களிடம் பொறுமையாகச் சொன்னார். "சத்தம் தாங்காம எரிஞ்சு விழறது, தலைவலி, இதெல்லாம் அடிபட்டவங்ககிட்ட நிறையப் பாக்கறோம். அதனாலயும் இருக்கலாம். கட்டாயம் செக் பண்ணணும்."

சுகந்தி கணவரைப் பார்த்தார். "அப்ப என்னில வெறுப்பில்லையோ?"

"உன்னில ஆருக்கு வெறுப்பு? அந்த மிக்ஸியிலதான்."

சுகந்தி சிரிக்கத் தொடங்கி அழுதுவிட்டார். எனக்கும் கண் கலங்கியது.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களே, படையில் இருந்தவரிடம் தலையில் அடிபட்டதா என்று கேட்காதீர்கள். அவர்கள் கணக்கில் அதெல்லாம் அடியே இல்லை. மேலே என்ன விழுந்தது, எதிலிருந்து விழுந்தீர்கள் என்று கேளுங்கள். மனைவி கூட வந்திருந்தால் முதலில் அவருக்குக் கதிரை போடுங்கள்.

ரவி இப்போது அடிபட்டவர்களின் குழுவில் இருக்கிறார். வருடாவருடம் பரிசோதனைக்கு வருகிறார். கார் ஓட்டிக் கூட்டிவருவது சுகந்தி.