அண்ணன் மாதிரி ஓர் அலுப்பு

போன மாதம் அண்ணனுடைய பேத்தி லீவுக்குத் திண்டிவனம் வந்திருந்தாள். டெல்லியில் பெரிய பல்கலைக்கழகத்தில் பி.ஏ. படிக்கிறாள். அந்த இடம் கிடைக்க எத்தனையோ பிள்ளைகள் தவம் கிடக்கிறார்களாம். இவளோ சோற்றைப் பிசைந்துகொண்டே, "அங்க ஒண்ணுமே சொல்லித் தரதில்ல சின்ன ஆயா. திரையில போட்டு வாசிச்சிட்டுப் போயிடறாங்க. நாங்களே போனப் பாத்துப் படிச்சிக்கினு கெடக்கறோம். வேஸ்ட்டு" என்றாள். "அய்யோ, எம் புள்ள" என்று அவள் அம்மா இன்னொரு முட்டையைத் தட்டில் வைத்தாள்.

எனக்கு வயிறு எரிந்தது. வெளியே சொல்லவில்லை. நான் எதைத்தான் வெளியே சொல்லியிருக்கிறேன்? டெல்லி எனக்கு வேண்டாம். அந்த "வேஸ்ட்டு" என்ற சொல்லை அவள் அவ்வளவு சுலபமாகச் சொன்னாளே, அதுதான் பொறுக்கவில்லை. அதை நானும் ஒரே ஒரு முறை சொல்லிப் பார்த்திருக்கிறேன்.

அப்போது நாங்கள் திண்டிவனத்துக்கும் மயிலத்துக்கும் நடுவில் ஒரு ஊரில் இருந்தோம். அண்ணன் மெட்ராஸில், பெரிய பெரிய ஆட்களெல்லாம் படித்துவிட்டுப் போன காலேஜில் சேர்ந்திருந்தான். எங்கள் பக்கத்திலிருந்து யாரும் அதன் வாசலைக்கூட மிதித்ததில்லை. முதல் லீவுக்கு வந்தபோதே அவனுக்கு ஓர் அலுப்பு வந்திருந்தது. கூடத்துச் சுவரில் சாய்ந்து, ஒரு காலை நீட்டி, பெரிதாக மூச்சு விடுவான்.

"இன்னா காலேஜி! பேருதான் பேரு. புரொபசரு தலைய நிமித்தறதே இல்ல. போன வருசம் படிச்ச காகிதத்தையே இந்த வருசமும் படிச்சிக்கினு போறாரு. புரிஞ்சுதான்னு ஒரு வார்த்த கேக்கறதில்ல. ச்சே, வேஸ்ட்டு."

அம்மாவுக்கு அதில் பாதி புரியாது. பிள்ளை அங்கே கஷ்டப்படுகிறான் என்பது மட்டும் புரியும். உடனே ஒரு முட்டை வேகும். அப்பாவோ டீக்கடையில் போய், "எம் புள்ளைக்கு அந்தக் காலேஜே பத்தலயாம்!" என்று நாலு பேர் கேட்கச் சொல்லிவிட்டு வருவார். நான் மூலையில் உட்கார்ந்து விதைக்கு மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, உடைத்தபடி இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருப்பேன். கட்டை விரல் வலிக்கும். விரலைவிட நெஞ்சு வலிக்கும். அவன் குறை சொல்லச் சொல்ல அவனுக்கு மரியாதை ஏறிக்கொண்டே போனது. படித்தவன் என்றால் இப்படித்தான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். கிணற்றடியில் யாரும் இல்லாதபோது அந்த மூச்சை விட்டுப் பார்ப்பேன். இரண்டாம் லீவுக்கு அவன் வருவதற்குள் எனக்கு நன்றாகவே வந்துவிட்டது.

நான் அப்போது ஐந்தாவது முடிக்கப் போகிறேன். ஊரில் பள்ளிக்கூடம் அதோடு சரி. ஆறாவதுக்குத் திண்டிவனம் போக வேண்டும். பெண்பிள்ளையைத் தனியாக அவ்வளவு தூரம் அனுப்ப அப்பாவுக்கு மனமில்லை. அண்ணன் லீவுக்கு வந்திருந்த அந்தச் சமயத்தில்தான் பெரியப்பா வந்தார். விழுப்புரத்தில் ரயில்வேயில் வேலை. பிள்ளை இல்லாதவர். வந்து உட்கார்ந்ததும், "பாப்பாவ எங்கூட அனுப்புடா. விழுப்புரத்துல ஆறாவது சேத்துடறேன். பெரியம்மாக்கும் தொணையா இருக்கும்" என்றார்.

நான் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். போக வேண்டும், போக வேண்டும் என்று உள்ளே அடித்துக்கொண்டது. அண்ணனுக்கு மெட்ராஸ் என்றால் எனக்கு விழுப்புரம்.

அப்பா யோசித்தார். "அதையே கேட்டுப் பாருங்கண்ணே" என்றார்.

"இங்க வா பாப்பா. உங்க வாத்தியாரு நல்லா சொல்லித் தர்றாரா?"

எங்கள் வாத்தியாரைப் போல ஒருவரை நான் பிறகு பார்க்கவில்லை. ஒவ்வொரு பிள்ளையின் பக்கத்திலும் குந்தி உட்கார்ந்து, புரிந்ததா என்று கேட்டு, புரியவில்லை என்றால் மல்லாட்டையைப் பரப்பி வைத்துக் கணக்குச் சொல்லிக் கொடுப்பவர். அதைச் சொல்லியிருக்கலாம். ஆனால் இந்தப் பள்ளிக்கூடமே போதும் என்று சொல்பவளை யார் பெரிய பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப் போவார்கள்? சுவரில் சாய்ந்தேன். ஒரு காலை முன்னால் நீட்டினேன். மூச்சை விட்டேன்.

"இன்னா சொல்லித் தர்றாரு? போன வருசம் சொன்னதையே சொல்லிக்கினு கெடக்கறாரு. தலைய நிமித்தறதே இல்ல. ச்சே, வேஸ்ட்டு."

ஆண்கள் நடுவில் நான் அவ்வளவு நீளமாகப் பேசியதே இல்லை. காதெல்லாம் சூடாகிவிட்டது. பெரியப்பா, "யம்மாடி, வாயப் பாரு!" என்று சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை.

"பாத்தீங்களாண்ணே? அஞ்சாவதுலயே இந்தப் பேஜாரு. அதுக்குப் படிப்பே புடிக்கல."

"கொழந்தடா. எதோ சொல்லுது."

"இல்லண்ணே. ஒருத்தன் படிக்கிறானே, போதும். இதுவும் போயிட்டா கொல்லிக்குக் களையெடுக்க யாரு போறது?"

அண்ணன் பேப்பரிலிருந்து நிமிர்ந்து என்னைப் பார்த்தான். அது யாருடைய மூச்சு என்று அவனுக்குத் தெரியும். வாயைத் திறந்தான். பிறகு பேப்பரை உயர்த்திப் பிடித்துக்கொண்டான். பெரியப்பா டீ கிளாஸின் அடியையே பார்த்துக்கொண்டிருந்தார். பெரியவர்கள் இப்படி நிறுத்தி நிறுத்தித்தான் பேசுவார்கள், கடைசியில் என்னை அனுப்புவார்கள் என்று நினைத்து, நான் பின்பக்கம் ஓடி என் நல்ல பாவாடையைத் துவைத்துக் கொடியில் போட்டேன்.

ஆண்கள் சாப்பிட்டு எழுந்த பிறகு அம்மா என்னை உட்கார வைத்தாள். அடுப்படியிலிருந்து அவள் எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். ஒரு முட்டையை உரித்து, பாதியாக வெட்டாமல், முழுசாக என் தட்டில் வைத்தாள். அதுவரை முழு முட்டை அண்ணனுக்கு மட்டும்தான்.

"எம்மா, பாவாட இன்னும் காயலியே. பெரியப்பாகூட இன்னிக்கே கெளம்பணுமா?"

"தின்னு" என்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

அண்ணன் கூடத்தில்தான் இருந்தான். அவன் கண்ணில் படட்டும் என்று தட்டைக் கொஞ்சம் வாசல் பக்கமாக நகர்த்தி வைத்துக்கொண்டு, மஞ்சள் கருவைக் கடைசிக்கு ஒதுக்கிவிட்டு, மெதுவாகத் தின்றேன்.