சங்கு நண்டுக்காரரோடு ஒரு கிரிவலம்

குழந்தை வேண்டிக் கிரிவலம் போக நினைப்பவர்கள் வழி கேட்டு எழுதுகிறார்கள். நாங்கள் போனது 1983 ஆவணிப் பௌர்ணமிக்கு. கல்யாணமாகி ஆறு வருஷம். நேர்ந்துகொண்டது அத்தை, என் மாமியார். நடக்க வேண்டியது நான்.

கடலூரிலிருந்து விழுப்புரம் வழியாகப் பஸ்ஸில் நான்கு மணி நேரம். மலையைச் சுற்றும் பாதை பதினான்கு கிலோமீட்டர். அப்போது பாதிக்கு மேல் மண் ரோடு, சரளைக்கல் காலைக் குத்தும். விடியற்காலையிலேயே கிளம்பிவிடுங்கள், வெயில் ஏறினால் வெறுங்கால் தாங்காது.

அடி அண்ணாமலையில் நானும் என் கணவரும் அத்தையும் டீ குடிக்க உட்கார்ந்தோம். கடைக்கார அம்மா எனக்கு எத்தனை பிள்ளைகள் என்று கேட்டார். நான் கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தை பதில் சொன்னார்: இரண்டு முறை கருப்பையைச் சுத்தம் செய்தது, கருக்குழாயில் மருந்து ஏற்றிப் பார்த்தது, எல்லாவற்றையும். பக்கத்து பெஞ்சில் ஆண்கள் இருந்தார்கள். புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டேன்.

பேச்சை மாற்றத்தானோ என்னவோ, அந்த அம்மா என் கணவரின் வேலையைப் பற்றிக் கேட்டார். அவர் கல்லூரியில் விலங்கியல் ஆசிரியர். காலிச் சங்குக்குள் குடியிருக்கும் சங்கு நண்டின் இனப்பெருக்க உறுப்புகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். சங்குக்குள் ஒளிந்திருப்பதில் ஆண் எது, பெண் எது என்று எப்படித் தெரியும் என்றார் அந்த அம்மா. யாராவது கேட்டால் போதும், இவருக்கு உற்சாகம் வந்துவிடும்.

“வெளிய எடுத்துப் பாக்கணும்மா. கொடுக்கையும் சேத்து எண்ணினா, மூணாவது காலடியில துளை இருந்தா பொண்ணு. கடைசி, அஞ்சாவது காலடியில இருந்தா ஆணு. ஏன் குஞ்சு வரலைனு தெரியணும்னா ரெண்டையும் அறுத்துப் பாக்கணும். ஒண்ண மட்டும் பாத்துட்டு ஒண்ணும் சொல்ல முடியாது.”

“அப்ப என்னை மட்டும் ஏங்க பாத்தாங்க?”

கேட்டது நான்தான். ஆண்கள் முன்னால் இப்படிக் கேட்டுவிட்டோமே என்று உடம்பே கூசியது. மீதி வழி முழுக்க நான் தலை நிமிரவில்லை. அவரும் நிமிரவில்லை. அத்தை எங்களுக்கு முன்னால் தனியாக நடந்தார்.

ஊர் திரும்பிய வாரத்தில் அவர் தானாகவே பரிசோதனைக்குப் போனார். குறை அவரிடம்தான். அத்தையிடம் அவரே சொன்னார். நான் அடுப்படியில் நின்று கேட்டேன். எனக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். ஆனால் அவர் குரல் அவ்வளவு கம்மிப் போயிருந்ததைக் கேட்டபோது, மறுபடியும் எனக்குத்தான் கூசியது.

குழந்தை பிறக்கவில்லை. என்னைப் பற்றி டீக்கடையில்கூடச் சொன்ன அத்தை, மகனைப் பற்றிக் கடைசிவரை ஒருவரிடமும் சொல்லவில்லை.

இப்போது பாதை தார் ரோடு, விளக்கும் உண்டு. பௌர்ணமியன்று கூட்டம் ஜாஸ்தி. நிம்மதியாக நடக்க வேறு நாள் பாருங்கள். ஆனால் பஸ் ஏறுவதற்கு முன்னால் கணவரையும் டாக்டரிடம் அழைத்துப் போங்கள். அவருக்கும் கூச்சமாகத்தான் இருக்கும். அவர் உள்ளே போய் வரும்வரை வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருங்கள்.