பாடகருக்கு ஒரு மெமோ

அந்தப் பாட்டைக் கேட்டதும் எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. மிகைப்படுத்திச் சொல்லவில்லை. மாட்டுப்பட்டி அணைக்கு மேலே இருந்த ஒரு தேயிலை எஸ்டேட்டின் ஸ்டாஃப் கிளப்பில், ஞாயிற்றுக்கிழமை மதியம், வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுப் பிரம்பு நாற்காலியில் சாய்ந்திருந்தேன். இசைத்தட்டில் ஊசி இறங்கியது. வயலின் கேட்டது. அப்புறம் பியானோ. அப்புறம் எங்கள் ஆள், ஏழெட்டு வருஷமாகத் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்த எங்கள் ஆள், குழந்தையைத் தூங்க வைக்கிற குரலில் பாட ஆரம்பித்தார்.

எழுபதுகளின் கடைசி அது. நான் அந்த எஸ்டேட் ஆபீசில் கிளார்க். சொந்த ஊர் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். வெயிலும் நிலக்கடலையும் பொள்ளாச்சி பஸ்ஸும் தவிர வேறொன்றும் தெரியாமல் வளர்ந்தவனை, மாமா ஒருவரின் சிபாரிசு இந்தக் குளிரில் கொண்டுவந்து போட்டிருந்தது. கிளப் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். ஒரு கேரம் போர்டு, ஒரு குடிதண்ணீர்ப் பானை, நாலு நாற்காலி. கூடவே, ஊரைவிட்டுப் போன கடைசி வெள்ளைக்காரத் துரை மூட்டை கட்ட முடியாமல் விட்டுப்போன ஒரு ரெக்கார்டு பிளேயரும் மூன்று இசைத்தட்டுகளும். மூன்றும் ஒரே குழுவினுடையவை.

எங்களுக்கு அந்த இசையின் பெயர்கூட முதலில் தெரியாது. டிஸ்பென்சரி கம்பவுண்டரின் தங்கை ஜெர்மனியில் நர்ஸாக இருந்தாள். அவள் லீவில் வந்தபோதுதான் இதற்கு ஹெவி மெட்டல் என்று பெயர் என்று சொன்னாள். பாட்டின் வார்த்தைகளில் பாதி புரியாது. கத்தல் மட்டும் நன்றாகப் புரிந்தது. வாரம் முழுக்க மேனேஜர் துரை முன்னால் கையைக் கட்டிக்கொண்டு 'எஸ் சார், எஸ் சார்' என்று சொல்கிறவர்களுக்கு, ஞாயிற்றுக்கிழமை ஒருத்தன் தொண்டை நரம்பு புடைக்கக் கத்தினால் தங்களுக்காகவே கத்துவதுபோல் இருக்கும். எங்களுக்கு இருந்தது. சினிமா நடிகருக்கு மன்றம் வைக்கிற ஊர்களில் பிறந்தவர்கள் அல்லவா, நாங்களும் ஒரு மன்றம் வைத்தோம். தலைவர் ஃபீல்டு ஆபீசர். திருநெல்வேலி வழி வந்த குடும்பம், தேயிலைக்காட்டில் ஒரு சத்தம் போட்டால் அடுத்த மலையில் கொழுந்து கிள்ளுகிறவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். செயலாளர் நான். உறுப்பினர்கள் கம்பவுண்டரும், எங்கள் ஆபீஸ் டைப்பிஸ்டும். மொத்தமே நான்கு பேர்.

டைப்பிஸ்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எங்களைவிடப் பத்து வயது மூத்தவர், போடிக்காரர், மனைவியும் இரண்டு பெண் பிள்ளைகளும் உண்டு. நான்கு வருஷமாகத் தற்காலிக வேலை. அந்த வருஷம் வேலை நிரந்தரமாக வேண்டியது. நிரந்தரமானால்தான் சொந்தமாக ஒரு குவாட்டர்ஸ் கிடைக்கும். அதுவரை இன்னொரு குடும்பத்தோடு ஒரே வீட்டை நடுவில் சாக்கு கட்டித் தடுத்துக் குடியிருந்தார்கள். மூத்த பெண்ணுக்குப் பதினான்கு வயதாகிவிட்டது, சாக்குக்கு இந்தப் பக்கம் இனி முடியாது என்று அவர் என்னிடம் இரண்டு மூன்று தடவை சொல்லியிருக்கிறார். நானும் உச்சுக் கொட்டியிருக்கிறேன்.

அந்தப் புதிய இசைத்தட்டையும் கம்பவுண்டரின் தங்கைதான் கொண்டுவந்தாள். பாடகர் குழுவைவிட்டு விலகித் தனியாகப் பாடிய முதல் தட்டு. உறையைப் பார்த்ததுமே ஃபீல்டு ஆபீசர் முகம் சுளித்தார். இடுப்புவரை தொங்கிய முடி போய், வெள்ளைச் சட்டையில், மடியில் ஒரு நாயோடு உட்கார்ந்திருந்தார் பாடகர்.

"என்னவே இது? முடிய வெட்டிட்டானே. அப்பமே நெனச்சேன்."

முதல் பாட்டு முடிவதற்குள் அவர் எழுந்து நடக்க ஆரம்பித்துவிட்டார். இரண்டாவது பாட்டில், இவன் விலைபோய்விட்டான், எவளோ ஒருத்தி சொல்லித்தான் இப்படிப் பாடுகிறான் என்றார். ஏதோ தானே கொண்டுவந்த குற்றம்போலக் கம்பவுண்டர் தலையைக் குனிந்துகொண்டார். சற்று நேரத்தில், தங்கைக்கு இதெல்லாம் என்ன தெரியும், கடைக்காரன் ஏமாற்றியிருப்பான் என்று அவரும் சேர்ந்துகொண்டார். நான்? நான்தான் எல்லோரையும்விட மோசம். சர்ச்சில் காணிக்கைத் தட்டு சுற்றும்போது பாடுகிற பாட்டு மாதிரி இருக்கிறது என்றேன். கூட இருந்த மூன்று பேரும் தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர்கள் என்பதுகூட எனக்கு உறைக்கவில்லை. துரோகி என்றேன். கூட நின்றவர்களை நட்டாற்றில் விட்டுவிட்டுத் தான் மட்டும் கரையேறியவன் என்றேன். இந்த வார்த்தைகள் எனக்கு இன்றும் அட்சரம் பிசகாமல் நினைவிருக்கின்றன. மறந்து தொலைந்தால் தேவலை.

டைப்பிஸ்ட் மட்டும் உறையைக் கையில் வைத்துக்கொண்டு கடைசிவரை கேட்டார். தட்டு நின்ற பிறகு மெதுவாகச் சொன்னார்:

"எனக்குப் பிடிச்சிருக்கு சார். இப்பத்தான் அவன் என்ன சொல்றான்னே காதுல விழுது."

நாங்கள் சிரித்தோம். சிரித்தோம் என்பது நாகரிகமான வார்த்தை. வயதாகிவிட்டது, பெண் பிள்ளைகளைப் பெற்றவருக்குத் தாலாட்டுத்தான் பிடிக்கும் என்று அந்த மதியம் முழுக்க அவரை வாரினோம். ஃபீல்டு ஆபீசர் அந்த இசைத்தட்டை எடுத்துக் குடிதண்ணீர்ப் பானைக்கு மூடியாகப் போட்டார். சரியாகப் பொருந்தியது. அதற்கும் சிரித்தோம். அடுத்த நாள் டைப்பிஸ்ட் அதைப் பானையிலிருந்து எடுத்து வேட்டி நுனியால் துடைத்து, யாருக்கும் வேண்டாம் என்றால் தான் கொண்டுபோகலாமா என்று கம்பவுண்டரிடம் கேட்டு வாங்கிக்கொண்டார்.

எங்கள் ஆத்திரம் அதோடு அடங்கவில்லை. பாடகருக்கே எழுதிக் கேட்க வேண்டும் என்று ஃபீல்டு ஆபீசர் சொன்னார். உறையின் பின்னால் லண்டன் விலாசம் இருந்தது. எழுதுகிற வேலை என் தலையில் விழுந்தது. அங்கேதான் வினை. எனக்குத் தெரிந்த ஆங்கிலம் முழுவதும் மெமோ ஆங்கிலம். வேலைக்கு வராதவர்களுக்கும், முற்றிய இலையைக் கிள்ளிக் கூடையில் போட்டவர்களுக்கும், துரையைப் பார்த்து எழுந்து நிற்காதவர்களுக்கும் நாள் தவறாமல் விளக்கம் கேட்டு மெமோ எழுதுவதுதான் என் பிழைப்பு. அன்பாக ஒரு வரியோ கோபமாக ஒரு வரியோ எழுத அந்த ஆங்கிலத்தில் எனக்கு வராது. ஆகவே மெமோவே எழுதினேன். முன் அனுமதியின்றித் தாங்கள் மென்மையான குரலில் பாடியது எங்கள் கவனத்துக்கு வந்திருக்கிறது. வயலின் உபயோகித்தது கடுமையான ஒழுங்கீனம். தங்கள்மீது ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்பதற்கு ஏழு நாட்களுக்குள் எழுத்துமூலம் விளக்கம் தர வேண்டும். தவறினால் தங்களிடம் சொல்ல விளக்கம் ஏதுமில்லை என்று கருதப்படும். இப்படிக்கு, ரசிகர் மன்றம். ஃபீல்டு ஆபீசர் படிக்கச் சொல்லிக் கேட்டுக் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்.

டைப்பிஸ்ட் அதை அடிக்கத் தயங்கினார். எனக்கு அந்தப் பாட்டுமேல் புகார் ஒன்றும் இல்லையே, நான் எதற்கு என்றார். மன்ற உறுப்பினர் என்றால் கட்டுப்பட வேண்டும் என்று ஃபீல்டு ஆபீசர் அதட்டினார். நான் செய்தது அதைவிடக் கெட்டது, சிநேகமாகத் தோளில் கை போட்டேன். செவ்வாய்க்கிழமை மதியச் சங்கு ஊதி ஆபீஸ் காலியானபோது அவர் மிஷினில் தாளைச் செருகினார். தமாஷ் கச்சிதமாக இருக்க வேண்டும் என்று ஆபீஸ் பெயர் அச்சடித்த தாளையே நான் எடுத்துக் கொடுத்திருந்தேன். பாதியில் ஒரு தடவை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"கீழ உள்ளதையும் அடிக்கணுமா சார்?"

நான் டிபன் டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "எழுதியிருக்கறபடியே அடிங்க" என்றேன்.

கீழே இருந்தது இதுதான். எந்த மெமோ எழுதினாலும், மூணாறில் இருந்த கம்பெனியின் தலைமை ஆபீசுக்கும் ஒரு பிரதி போக, அடியில் 'நகல்: குரூப் ஆபீஸ்' என்று ஒரு வரி போடுவது என் கைப்பழக்கம். பாடகருக்கு எழுதியதிலும் கை தானாகப் போட்டிருந்தது. அதே இடத்தில் இன்னொரு வழக்கமும் உண்டு, எழுதியவரின் இனிஷியலும் அடித்தவரின் இனிஷியலும் ஓரமாக வர வேண்டும். நகல் வரியை யோசிக்காமல் போட்ட அதே கை, என் இனிஷியலை மட்டும் யோசித்து விட்டுவிட்டது. எதற்கு வம்பு என்று அப்போது நினைத்தது நினைவிருக்கிறது. அவர் தன்னுடையதைப் பழக்கப்படி அடித்தார்.

தபால் அனுப்புகிற பியூனுக்கு ஆங்கிலம் தெரியாது. நகல் வரியைப் பார்த்தால் ஒரு கார்பன் பிரதியைக் குரூப் ஆபீஸ் பைக்குள் போட வேண்டும் என்பது மட்டும் தெரியும். போட்டுவிட்டார். ஒன்று லண்டனுக்குப் போனது, ஒன்று மூணாறுக்குப் போனது. லண்டனிலிருந்து இன்றுவரை பதில் இல்லை. மூணாறிலிருந்து நான்காம் நாளே வந்தது.

எங்கள் துரை கோட்டயத்துக்காரர். எஸ்டேட்டில் யார் அந்த நாற்காலியில் உட்கார்ந்தாலும் துரைதான். நான்கு பேரையும் கூப்பிட்டு வரிசையாக நிறுத்தினார். மேலே இருப்பவர்கள் இதைக் கேலியாக எடுத்துக்கொள்ளவில்லை, ஆபீஸ் தாளில் ஆபீஸ் மெமோவையே கிண்டல் செய்தது யார் என்று பெயர் கேட்கிறார்கள் என்றார். முதலில் ஃபீல்டு ஆபீசர். அடுத்த மலைக்குக் கேட்கிற அந்தக் குரல் எங்கே போனதோ, தனக்கு இங்கிலீஷ் பாட்டுக் கேட்கிற பழக்கமே கிடையாது என்று முனகினார். கம்பவுண்டர், அன்றைக்கு முழுக்க டிஸ்பென்சரியில் ஊசி போட்டுக்கொண்டிருந்ததாகச் சொன்னார். என் முறை வந்தது. துரை என்னைத்தான் உற்றுப் பார்த்தார், அந்த ஆங்கிலம் யாருடையது என்று அவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? ஒரு வார்த்தை சொன்னால் எனக்கு ஒரு வருஷ இன்கிரிமென்ட் போயிருக்கும், அவ்வளவுதான். நான் நிரந்தர ஊழியன்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க சார்" என்றேன்.

டைப்பிஸ்ட் எங்கள் மூன்று பேரையும் ஒருமுறை பார்த்தார். நான் அடித்தேன் சார் என்று மட்டும் சொன்னார். எழுதிக் கொடுத்தது யார் என்று துரை மூன்று தடவை கேட்டார். மூன்று தடவையும் அதே பதில்.

அவருக்கு மெமோ கொடுக்கச் சொல்லி உத்தரவு வந்தது. மெமோ எழுதுவது யார் வேலை? என் வேலை. எழுதினேன். ஏழு நாட்களுக்குள் எழுத்துமூலம் விளக்கம் தர வேண்டும், தவறினால் சொல்ல விளக்கம் ஏதுமில்லை என்று கருதப்படும். அந்த வரிகளில் ஒரு வார்த்தை மாற்றத் தேவைப்படவில்லை, பாடகரின் பெயர் இருந்த இடத்தில் அவர் பெயர். அதை அடிப்பது யார் வேலை? ஆபீசில் ஒரே டைப்பிஸ்ட்தான். அவரே அடித்து, அவரே கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார். ஏழாம் நாள் ஒரே வரியில் பதில் கொடுத்தார்: அடித்தது நான், மன்னிக்கவும். அந்த ஏழு நாளும் ஃபீல்டு ஆபீசர் கிளப் பக்கமே வரவில்லை. கம்பவுண்டர் ரெக்கார்டு பிளேயரை ஒரு பெட்ஷீட்டால் மூடி வைத்தார். யாராவது ஒருவர் போய்ச் சொல்லிவிடலாம் என்று மூன்று பேரும் நினைத்தோம், அந்த ஒருவர் மற்ற இரண்டு பேரில் ஒருவராக இருக்கட்டும் என்றும் நினைத்தோம். கரையேறியவனைத் துரோகி என்று ஏசிய வாய்கள் இவை. எழுதும்போதே எனக்கு என்மேல் அருவருப்பாக இருக்கிறது.

தற்காலிக வேலை என்பதால் விசாரணை எதுவும் தேவைப்படவில்லை. மாதக் கடைசியோடு அவர் சேவை தேவையில்லை, இருக்கிற பாதி வீட்டையும் காலி செய்ய வேண்டும் என்று ஒரு உத்தரவு. அதையும் நான்தான் எழுதினேன். அடிக்க வேறு ஆளை ஏற்பாடு செய்திருக்கலாம், இரண்டு விரலால் நானே தட்டியிருக்கலாம். அவர் மேஜையில் கொண்டுபோய் வைத்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அடித்தார். ஒரு எழுத்துப் பிழை இல்லை. கடைசி வரிக்கு வந்ததும் கையை நிறுத்தினார்.

"இதுல ஒங்க இனிஷியலப் போடட்டுமா சார், விட்டுரட்டுமா?"

கோபமாகக் கேட்கவில்லை. வேலை சுத்தமாக இருக்க வேண்டும் என்று கேட்கிற சாதாரணக் குரல். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"போடுங்க" என்றேன்.

போட்டார். தாளை உருவி என்னிடம் நீட்டினார். பிறகு மேஜை டிராயரைத் திறந்து, நான்காக மடித்திருந்த இரண்டு தாள்களை எடுத்து அதன்மேல் வைத்தார். பாடகருக்கு நான் என் கையால் எழுதிய மெமோ. 'நகல்: குரூப் ஆபீஸ்' என்ற வரிக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டு வைத்திருந்தார். துரை மூன்று தடவை கேட்டபோதும், விளக்கம் எழுதக் கொடுத்த ஏழு நாளும், அது அந்த டிராயரில்தான் இருந்திருக்கிறது.

அன்று சாயங்காலமே ஃபாக்டரிக்குப் போய், இலை உலர்த்துகிற அடுப்பில் அந்த இரண்டு தாள்களையும் போட்டேன். முழுக்க எரிந்துவிட்டதா என்று குனிந்து பார்த்துவிட்டுத்தான் வெளியே வந்தேன்.