புதன்கிழமைகளில் காலியாக இருந்த கழிப்பறை

2002-ல் நாங்கள் தண்டையார்பேட்டையில், நான்கு குடித்தனம் இருந்த ஒரு வீட்டில் வாடகைக்கு இருந்தோம். நான்கு குடும்பத்துக்கும் சேர்த்து ஒரே கழிப்பறை. அந்த வருடம்தான் எனக்குச் சிறுநீரோடு ரத்தம் போனது. கூச்சத்தில் யாரிடமும் சொல்லாமல் மாதக்கணக்கில் தள்ளிப்போட்டேன். கடைசியில் மனைவிதான் இழுத்துக்கொண்டு போனாள். சிறுநீர்ப்பையில் புற்றுநோய்.

கட்டியைச் சுரண்டி எடுத்த பிறகு, அது திரும்ப வராமல் இருக்க வாரம் ஒன்றாக ஆறு வாரம் மருந்து ஏற்ற வேண்டும் என்றார் டாக்டர். என்ன மருந்து என்று மனைவி கேட்டாள். பிறந்த குழந்தைக்குக் கையில் போடுவார்களே, அந்த டி.பி. தடுப்பு மருந்துதானாம். வீரியம் குறைத்த, ஆனால் உயிருள்ள கிருமி. அதைக் குழாய் வழியாக உள்ளே விட்டால், உடம்பு விழித்துக்கொண்டு கிருமியோடு சேர்த்துப் புற்றுநோயையும் அடிக்குமாம். என் அண்ணன் டி.பி.யில்தான் செத்தார். அவருடைய டம்ளரைக்கூடத் தொடாமல் தெருவே எங்களை ஒதுக்கி வைத்ததைப் பார்த்தவன் நான்.

புதன்கிழமை தோறும் மருந்து ஏற்றி, இரண்டு மணி நேரம் அடக்கிக்கொண்டு புரண்டு புரண்டு படுக்க வேண்டும். அதன்பின் ஆறு மணி நேரம், போகும்போதெல்லாம், வெளியேறும் கிருமி சாவதற்காக, பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரைக் கழிப்பறையில் ஊற்றி, கால் மணி நேரம் விட வேண்டும். விஷயம் தெரிந்தால் வீட்டைக் காலி செய்யச் சொல்வார்கள் என்று பயந்து, பாட்டிலைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு போவேன். எப்போதும் ஆள் காத்திருக்கும் அந்த இடம், நல்லவேளையாகக் காலியாகவே இருக்கும்.

நான்காவது வாரம், எங்கள் வீட்டிலேயே எதிர்க் குடித்தனத்து அம்மா பாட்டிலைப் பார்த்துவிட்டார். காசிமேட்டில் மீன் எடுத்து விற்பவர். அவர் பேசினால் தெருமுனை வரை கேட்கும். அன்றைக்கு ஒன்றுமே கேட்காமல் போனார். விஷயம் தெரிந்துபோயிற்று, இனி எங்களை ஒதுக்கிவிடுவார்கள் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். ஐந்தாவது புதனன்று, மருந்தே வேண்டாம் என்று வீட்டில் சுருண்டு படுத்துவிட்டேன். மனைவி அழுதும் எழவில்லை.

பத்து மணிக்கு மீன்கூடையோடு அவர் எங்கள் வாசலில் வந்து நின்றார்.

"இன்னாண்ணே, ஆஸ்பத்திரிக்குப் போலியா? புதங்கெழமன்னா உனக்கோசரம் மூணு வூட்டு ஜனமும் தெருமுனை கக்கூஸுக்குப் போய்க்கினு கீது. நீ இன்னாடான்னா இங்க படுத்துகினு கீற."

நான் எழுந்து உட்கார்ந்தேன். குழந்தைகள் புழங்கும் இடமாயிற்றே என்று, முதல் வாரமே என் மனைவி மூன்று வீட்டிலும் சொல்லியிருக்கிறாள். என்ன கிருமி என்றும் சொன்னாயா என்று கேட்டேன். தலையாட்டினாள். புற்றுநோய் என்று கேட்டபோதுகூட நான் அப்படி அதிர்ந்துபோகவில்லை.

"எய்ந்து சட்டைய மாட்டு. அந்த பாட்டில உள்ள சொருவிக்காத, நாத்தம் தெரு முழுக்க அடிக்குது" என்று சொல்லிவிட்டு அவர் வியாபாரத்துக்குக் கிளம்பினார்.

அன்றைக்கே போய் ஐந்தாவதை ஏற்றிக்கொண்டேன். ஆறையும் முடித்தேன்.

சமீபத்தில் பேப்பரில், வைரஸையே மாற்றி அமைத்துப் புற்றுநோய்க்குள் அனுப்பிப் பார்க்கிறார்கள் என்று படித்தேன். பத்தாவதோடு நின்ற எனக்கு அது முழுதாக விளங்கவில்லை. அதை ஏற்றிக்கொண்டு வீடு திரும்பும் மனிதருக்கு, அவர் வாய் திறந்து கேட்காமலே ஒதுங்கி வழிவிட மூன்று வீடுகள் இருக்கட்டும் என்று மட்டும் நினைத்துக்கொண்டேன்.